இரண்டு தந்திகளுக்கு நடுவில்

கடவுளிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில், பதினெட்டுப் பக்கம். உலகத்தில் அதைப் படித்தவர்கள் பதினோரு பேர் இருக்கலாம். அதில் இரண்டு பேர் என்னிடம் எம்.ஏ. சேர்ந்த பாவத்துக்காகப் படித்தவர்கள். மதுரையில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். வில்லாபுரத்தில் என் தெருக்காரர்களுக்குத் தத்துவம் என்றால் ஜோசியத்துக்குப் பக்கத்து வீடு. போன மாதம் ஒருவர் மகளின் ஜாதகத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு இதெல்லாம் தெரியாது என்றேன். "இம்புட்டுப் படிச்சிருக்கீங்க, இது தெரியாதா சார்?" என்று என் மேல் பரிதாபப்பட்டு எழுந்து போனார்.

கட்டுரையின் சாரம் இதுதான். பையன் பரீட்சை எழுதியாயிற்று. தாள் திருத்தியாயிற்று. நாளைக் காலைப் பேப்பரில் நம்பர் வரப்போகிறது. இன்று சாயங்காலம் அப்பா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்கிறார். அவர் எதைக் கேட்கிறார்? பையன் பாஸ் என்றால் தேங்காய் வேண்டியதில்லை. ஃபெயில் என்றால் தேங்காய் போதாது. நடந்துபோனதை நடக்காததாக ஆக்கக் கடவுளாலும் முடியாது. ஆகவே நடந்து முடிந்ததற்காக வேண்டிக்கொள்வது பக்தி ஆகாது, சிந்தனைக் குழப்பம். எனக்கு இந்தக் கட்டுரையின் மேல் அப்போது ரொம்பப் பெருமை.

1974 மார்ச்சில் பூனாவில் ஒரு கருத்தரங்கில் அதை வாசிக்கப் போனேன். என் மனைவி பத்மாசினி அப்போது நர்ஸிங் ஹோமில் இருந்தாள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, எடுத்து, தேறிவிட்டாள். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர். "எத்தனை வருஷமா எழுதினீங்க, போய்ப் படிச்சுட்டு வாங்க" என்று அவளேதான் எங்கள் சௌராஷ்டிர பாஷையில் சொல்லி அனுப்பினாள். கூட இருக்க அவள் அண்ணன் பாலசுந்தரம் இருந்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

பூனாவில் நான் வாசிக்க வேண்டிய நாளன்று பதினொரு மணிக்கு ஒரு தந்தி வந்தது. பத்மாசினிக்கு உடம்பு மோசம், உடனே புறப்படவும். சென்னைக்கு ரயில் ராத்திரிதான். என் கட்டுரை மத்தியானம் மூன்று மணிக்கு. அறைக்குள் உட்கார்ந்து யோசித்தேன். தந்தி கொடுத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அங்கே நடந்தது நடந்திருக்கும். நான் இங்கே கும்பிட்டு என்ன ஆகப்போகிறது? சுவரில் ஒரு பிள்ளையார் காலண்டர் தொங்கியது. அதைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். மூன்று மணிக்குப் போய் வாசித்தேன். இதற்கு எங்கள் ஊரில் ஒரு பழமொழி உண்டு என்று 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்கார'த்தை ஆங்கிலத்தில் சொன்னபோது சபை சிரித்தது. மணி மூன்றேகால் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு இரண்டாவது தந்தி வந்தது. மூன்று பத்துக்குப் போய்விட்டாள்.

நான் மதுரை வந்து சேர்ந்தபோது வைகைக் கரையில் சாம்பல்கூட ஆறியிருந்தது. "நிம்மதியாப் போனா" என்றான் பாலசுந்தரம். இதை எல்லாரும் எல்லாருக்கும் சொல்வார்கள். அவன் அந்த நேரம் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தான் என்று பிறகு வேறொருவர் வாயிலிருந்து வந்தது. அப்படியானால் அவள் பக்கத்தில் யார் இருந்தார்கள்? யாராவது இருந்தார்களா? அவனைக் கேட்கவில்லை. நர்ஸிங் ஹோமுக்குப் போய் விசாரிக்கவில்லை. யாருமில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நான் எப்படிச் சோறு தின்பது? பாலசுந்தரமும் பரமக்குடிக்குப் போய்விட்டான். நான் திதி கொடுப்பதில்லை என்று தெரிந்த பிறகு கடுதாசி போடுவதையும் விட்டுவிட்டான்.

இரண்டு வருஷம் கழித்து எடின்பரோவிலிருந்து ஒருவர் என் கட்டுரைக்கு மறுப்பு எழுதி அனுப்பினார். உங்கள் கடவுளுக்கு நாளை நடப்பதும் தெரியும் என்றால், அந்தத் தகப்பன் இன்று தேங்காய் உடைக்கப்போகிறான் என்பது பரீட்சை நடந்த அன்றே அவருக்குத் தெரிந்திருக்குமே? அன்றே அதைக் காதில் வாங்கியிருக்கலாமே? தகப்பன் நடந்ததை மாற்றச் சொல்லவில்லை; அன்று இப்படி நடந்திருக்கட்டும் என்கிறான். முடிவு தெரிகிற வரைக்கும் அதைக் கேட்பதில் என்ன குழப்பம்? இரண்டு பக்கம், மரியாதையான கடிதம். படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மேசை டிராயரில் போட்டு மூடினேன். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் அந்த பூனா அறையில் போய் உட்கார வேண்டும். என்னால் முடியவில்லை.

பத்து வருஷம் ஓடியது. நானே பொங்கி, நானே தின்று, நானே கழுவிக் கவிழ்த்தேன். இதில் பெரிய கஷ்டம் சமையல் இல்லை. எங்கள் பாஷையைப் பேச வீட்டில் ஆள் இல்லாமல் போனதுதான். வகுப்பில் ஆங்கிலம், கடையில் தமிழ். வீட்டுக்குள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சில நாள் பால் பொங்கும்போது எங்கள் பாஷையில் ஒரு வார்த்தை தானாக வாயில் வந்துவிடும். அதைக் கேட்டு நானே திடுக்கிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் பஸ் பிடித்து வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போவேன். பத்மாசினிக்கு அந்த இடம் பிடிக்கும். அந்த வருஷம் குளத்தில் தண்ணீர் இல்லை. உள்ளே மாடு மேய்ந்தது, இளவட்டங்கள் கிரிக்கெட் ஆடினார்கள். நாலு கரையையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மாரியம்மன் கோயில் வாசலைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் வேகமாக நடப்பேன்.

அங்கேதான் பிடிபட்டேன். கோயில் வாசலில் உப்பு மிளகுப் பொட்டலம் விற்கிற ஒரு அம்மாள் என்னை உற்றுப் பார்த்தாள். அறுபது வயது இருக்கும்.

"சார், நீங்க ஏழாம் நம்பர் ரூம்பு பத்மாம்மா வீட்டுக்காரருதான?"

நான் தெரியாதவன் போல் குளத்துப் பக்கம் திரும்பினேன்.

"என்னையத் தெரியலையா? ஒச்சாயி. அங்க ஆயாவா இருந்தேன்ல. நீங்க ஊருக்குப் போறப்பக்கூட, பாத்துக்கங்கம்மான்னு சொல்லிட்டுப் போனீக."

"தெரியுது, தெரியுது. அவசரமாப் போறேன். அப்புறம் வாரேன்" என்று சொல்லிவிட்டு, எந்த அவசரமும் இல்லாத நான் பஸ் ஸ்டாப் வரை ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் கோயில் இல்லாத மூன்று கரைகளில் மட்டும் நடந்தேன். எம்.ஏ., பிஎச்.டி., உப்பு மிளகு விற்கிறவளுக்குப் பயந்து மூன்று கரை சுற்றினேன் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அவளுக்குத் தெரியும். உலகத்தில் அந்த ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்க முடியும். அந்த வாரம் முழுக்கத் தூக்கம் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு நாலரை மணிக்கு நேராக அவள் முன்னால் போய் நின்றேன். வெயில் இன்னும் தாழவில்லை, கோயிலில் கூட்டம் இல்லை.

"ஆயாம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார். மொதல்ல உக்காருங்க."

படியில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு அவ போனப்ப..." என்று தொடங்கினேன்.

அவள் சட்டென்று கையை நீட்டி மறித்தாள். "பொறுங்க. உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"தெரியாது."

"யாரும் சொல்லலையா?"

"நான் யாரையும் கேக்கல."

"பத்து வருசமாவா?" அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, கேக்குறதுக்கு முன்னாடி நேந்துக்கிட்டீகளா?"

"எதுக்கு?"

"எதுக்கா? நல்லாக் கேட்டீக போங்க. எங்க உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மொறை இருக்கு சார். கெட்ட சேதி வரும், ஆனா யாருக்கு என்னன்னு பேரு வராது. அந்தப் பேரு வர்றதுக்குள்ள நேந்துக்கணும். பேரு வந்தப்புறம் நேந்தா அது நேத்திக்கடன் இல்ல, ஒப்பாரி."

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் தவசி போன பஸ் ஆண்டிபட்டிக் கணவாயில் கவிழ்ந்ததாம். காலை ஏழு மணிக்குக் கவிழ்ந்த சேதி மத்தியானம் ஊருக்கு வந்தது. ஆறு பேர் செத்துப்போனதாகச் சொன்னார்கள், பேர் சொல்லவில்லை. ஊரில் யார் யார் வீட்டு ஆள் அந்தப் பஸ்ஸில் போனதோ, அந்த வீட்டுப் பெண்கள் எல்லாம் ஈரச்சேலையோடு கோயிலுக்கு ஓடினார்கள். சேதியின் மிச்சத்தோடு சைக்கிளில் வந்தவனை ஊர் எல்லையில் வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்துக்கொண்டார்களாம், பெண்கள் நேர்ந்து முடிக்கும்வரை பேரைச் சொல்லாதே என்று.

எனக்குள் இருக்கும் வாத்தியாருக்கு நேரம் காலம் கிடையாது. "ஏம்மா, பஸ் கவுந்தது காலையில. நீங்க கும்பிட்டது மத்தியானம். யார் பொழச்சா, யார் போனாங்கிறது அதுக்குள்ள முடிஞ்சுபோயிருக்குமே?"

"காலையும் மத்தியானமும் நமக்குத்தான சார். நான் மத்தியானம் வந்து கும்புடப்போறேன்னு ஆத்தாளுக்குக் காலையிலயே தெரியாதா? தெரியலைன்னா அது என்னா சாமி?"

எடின்பரோக்காரர் இரண்டு பக்கம் எழுதியதை இவள் மிளகை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. பிடித்த பிடியை விடாமல், "சரி, உங்க வீட்டுக்காரர் பொழச்சாரா?" என்றேன்.

"இல்ல."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

"மன்னிச்சிருங்கம்மா."

"இருக்கட்டும் சார். நான் கேட்டேன், ஆத்தா இல்லைன்னுட்டா. சண்டை போட்டேன், மூணு வருசம் கோயில் பக்கம் போகல. ஆனா கேக்காம மட்டும் இருந்திருந்தேன்னு வைங்க, அந்த மனுசனை நடுரோட்டுல அம்போன்னு விட்ட மாதிரி ஆயிருக்கும்ல?"

அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. பூனாவும் தந்தியும் பிள்ளையார் காலண்டரும் அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் எனக்குத் தெரியும். அந்த ஒன்பது மணி நேரம். ஒரு தந்திக்கும் இன்னொரு தந்திக்கும் நடுவில் பேர் வராமல் இருந்த நேரம். பத்மாசினியை அம்போ என்று விட்டுவிட்டு, என் கட்டுரை பொய்யாகிவிடக் கூடாதே என்று சுவரைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தவன் நான்.

ஒச்சாயி ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தாள். "உங்களுக்கு இன்னும் பேரு வரல. போங்க, கேட்டுட்டு வாங்க. அப்புறம் சொல்லுறேன்."

"பத்து வருஷமாச்சும்மா."

"அதுக்கென்ன? அங்க என்னா கடிகாரமா மாட்டியிருக்கு?"

போனேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. எங்கே நிற்பது, எந்தக் கையை எங்கே வைப்பது ஒன்றும் தெரியவில்லை. பொட்டலத்தைப் பிரித்து எல்லாரும் கொட்டுகிற இடத்தில் கொட்டினேன். தமிழில் கேட்பதா, ஆங்கிலத்தில் கேட்பதா? இரண்டிலும் வாய் திறக்கவில்லை. கடைசியில் எங்கள் பாஷை வந்தது. அவள் தனியாக இருந்திருக்கக் கூடாது, யாராவது பக்கத்தில் இருந்திருக்கட்டும், யாராக இருந்தாலும் சரி, ஒரு கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கட்டும். இவ்வளவுதான் கேட்டேன். கேட்கும்போது எனக்குச் சாமியும் தெரியவில்லை, கோயிலும் தெரியவில்லை. அந்த ஏழாம் நம்பர் அறையின் பச்சைக் கதவு மட்டும் தெரிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கிறார்கள் என்பது முகத்தைத் துடைக்கும்போதுதான் உறைத்தது.

திரும்பி வந்து அதே படியில் உட்கார்ந்தேன்.

"இப்பக் கேளுங்க" என்றாள்.

"அவ தனியாவா இருந்தா?"

"இல்ல சார். நான் இருந்தேன்."

அவளே சொல்லிக்கொண்டு போனாள்.

"ரெண்டு மணிக்கு எனக்கு டூட்டி முடிஞ்சிருச்சு. அன்னைக்குச் சாயங்காலம் ஊருல எங்க அண்ணன் விருமாண்டி மகளுக்குச் சடங்கு. நான் ஒருத்திதான் அத்தைக்காரி, நான்தான் மொதத் தண்ணி ஊத்தணும். சேலை மாத்தி, சீர்த்தட்டெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயி பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டேன் சார். சீட்டும் கெடைச்சிருச்சு. கண்டக்டர் விசில் குடுக்கப்போறாரு, நான் எறங்குறேன். ஏன் எறங்குறேன்னு எனக்கே தெரியல. ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்தேன். வந்து பாக்குறேன், காலையில மோசமாகி அப்புறம் அடங்கியிருந்த அம்மாவுக்கு மறுபடி மூச்சு வாங்குது. உங்க மச்சினரு சாப்பிடப் போயிருந்தாரு. நர்ஸைக் கூப்பிட்டு, டாக்டர் வந்து, ஊசி போட்டு... நான் கையைப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே இருந்தேன். ரொம்ப நேரமில்ல சார். அரை மணி நேரம்."

"சடங்கு?"

"போக முடியல. அவகளைக் குளிப்பாட்டி, உடுப்பு மாத்தி, உங்க ஆளுக வந்து சேரவே பொழுது சாஞ்சிருச்சு. சபையில அத்தைக்காரி வரலைன்னு அண்ணனுக்கு அசிங்கமாப் போச்சு. வேணும்னுதான் வரலைன்னு நெனைச்சுட்டாரு. அன்னைக்கு ஒறவை வெட்டுனவருதான், பத்து வருசமாப் பேச்சில்ல. அந்தப் புள்ளை கல்யாணத்துக்கும் சொல்லல. இப்ப அண்ணன் படுத்த படுக்கையாக் கெடக்காருன்னு மூணாம் மனுசக சொல்லித்தான் தெரியுது. போனா கதவைத் தொறப்பாகளோ என்னமோ."

நான் வாழ்க்கை முழுக்க வாதம் செய்து பிழைத்தவன். தலை தானாகக் கணக்குப் போட்டது. அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதற்கும் நான் இப்போது கேட்டதற்கும் சம்பந்தமில்லை என்றால், நான் பூனாவில் சரியாகத்தான் சொன்னேன். சம்பந்தம் உண்டு என்றால், பத்து வருஷம் முன்னால் இவளைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, இவள் அண்ணனிடமிருந்து பிரித்தவன் நான்தான். யாராக இருந்தாலும் சரி என்றல்லவா கேட்டேன்? அந்த யாரோவுக்கும் ஒரு வீடு, ஒரு அண்ணன், ஒரு நல்ல நாள் இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. கேட்கிறவனுக்குத் தன் கஷ்டம்தான் கண்ணுக்குத் தெரியும்.

உள்ளே என்ன கேட்டேன் என்று அவளிடம் சொன்னேன். யாராக இருந்தாலும் சரி என்று கேட்டதையும் மறைக்கவில்லை.

ஒச்சாயி மடித்துக்கொண்டிருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"அப்பக் கூப்புட்டது நீங்கதானா?"

"தெரியலம்மா. அப்படியிருந்தா என்னை மன்னிச்சிருங்க."

அவள் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "ஏன் எறங்குனன்னு அண்ணன் கேட்டப்பச் சொல்ல எனக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு சார். தெரியலைன்னேன். தெரியலைன்னா எவன் நம்புவான்? இந்த வாரம் போயிச் சொல்லிப் பாக்குறேன். ஒரு மனுசன் பொஞ்சாதிக்காகக் கேட்டிருக்கான், அதான் எறங்கிட்டேன்னு."

இதற்கு ஆதாரம் கிடையாது, நான் கேட்டது அதற்கு அப்புறம் என்றெல்லாம் வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டேன். புறப்பட எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன்.

"அவ ஏதாச்சும் சொன்னாளா?"

"சொன்னாக. ஆனா உங்க பாஷையில. எனக்கு என்னா தெரியும்? ஏதோ கேக்குற மாதிரி இருந்துச்சு. 'ஆகட்டும் தாயி'ன்னேன். திரும்பவும் அதையே கேட்டாக. கையை இறுக்கிப் புடிச்சு, 'ஆகட்டும், ஆகட்டும்'னேன். அதுக்கப்புறம் கேக்கல. மொகம் தெளிஞ்சிருச்சு."

"என்ன வார்த்தைன்னு ஞாபகம் இருக்கா?"

அவள் யோசித்துப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினாள்.

பஸ்ஸில் வில்லாபுரம் வந்து இறங்கும்போது தெரு விளக்கு போட்டுவிட்டார்கள். வீட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, செருப்பைக் கழற்றாமலே நின்றேன். என்ன கேட்டிருப்பாள்? தண்ணீர் கேட்டிருக்கலாம். காலைப் போர்த்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷம் அவளோடு குடித்தனம் செய்தவன் நான். அவளுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். தண்ணீர் என்றால் ஆயாவிடம் தமிழில் கேட்டிருப்பாள். எங்கள் பாஷையில், அண்ணனை விட்டால் என்னிடம் மட்டும்தான் பேசுவாள், அல்லது என்னைப் பற்றிப் பேசுவாள். அவரை வரச் சொல்லு என்றுதான் கேட்டிருப்பாள். ஆகட்டும் என்று பதில் கிடைத்தது. நான் வரவில்லை.

எதைக் கேட்டாள் என்று இனி யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை. அந்தச் சேதிக்கு மட்டும் பேர் வரவே வராது. ஒச்சாயியின் முறைப்படி எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நாற்காலியை இழுத்து அவள் படுக்கிற கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். சமையலறைத் தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பத்து வருஷமாக உபயோகப்படாத குரலில், எங்கள் பாஷையில், அந்த மத்தியானம் மூன்று மணிக்கு ஏழாம் நம்பர் அறையில் இருப்பவளுக்குக் கேட்கும்படி, "வந்துவிட்டேன்" என்றேன்.

சத்தம் போதாதோ என்று இன்னொரு முறையும் சொன்னேன்.